முப்பத்தேழாம் பாத்தி

என் அக்காவை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குச்சியக்கா என்றால்தான் தெரியும். பாத்திக்கு ஒரு குச்சி நட்டு அதில் எண் எழுதி வைப்பது அவள் வேலை. ஆளும் அப்படித்தான் இருப்பாள். பத்தொன்பது வயதில் தினக்கூலியாகச் சேர்ந்தாள், இப்போது நாற்பத்தாறு. நடுவில் கல்யாணம் பண்ணி ஒரு பெண்ணையும் பெற்றாள். அந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் பல் முளைத்தது என்று கேட்டால் முழிப்பாள். எந்த வருஷம் எந்தப் பாத்தியில் என்ன நோய் வந்தது என்று கேட்டால் டக்கென்று சொல்வாள். "நானும் நெத்தியில ஒரு நம்பர் எழுதிக்கிட்டா என்னையும் ஞாபகம் வெச்சுக்குவா" என்பார் அத்தான்.

நான் அதே நிலையத்தில் விதைக் கிடங்கில் இருக்கிறேன். அதனால் இந்த வயிற்றெரிச்சலை ஆரம்பத்திலிருந்து பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

பீன்ஸ் செடிக்குத் துரு நோய் என்று ஒன்று வரும். இலையெல்லாம் செம்பழுப்பாகப் பொடி பூக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். கொஞ்ச நாளில் செடி கருகிவிடும். இதைத் தாக்குப்பிடிக்கிற ஒரு செடிக்காக எங்கள் நிலையம் எட்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் புது டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மரபணு படித்த டாக்டர். செடியின் மரபணுவில் ஓரிடத்தை மட்டும் வெட்டித் திருத்தினால் துரு உள்ளே நுழைய வழி இருக்காது என்றார். அப்படித் திருத்திய வகை பன்னிரண்டு, திருத்தாத வகை நாற்பத்தெட்டு. அறுபது பொட்டலத்துக்கும் எண் போட்டு நான்தான் அக்காவின் கையில் கொடுத்தேன். வரிசைக்குப் பத்துப் பாத்தி, ஆறு வரிசை. அக்கா விதைத்தாள்.

டாக்டரைத் திட்டவும் மனசு வரவில்லை, அதுதான் எரிச்சலே. மரியாதையான மனுஷன், கூட்டுகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் வயலுக்கு மட்டும் வரமாட்டார். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் விதைப்பு நாளில் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இவர் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தார். செடி முளைத்ததும், ட்ரோன் படம் எடுக்கும்போது குச்சிகளின் நிழல் விழுகிறது, எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்றார்.

"அப்புறம் எது எந்தப் பாத்தின்னு எப்படி சார் தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"டேப்லெட்ல மேப் போட்டிருக்கேன்மா. நீங்க கவலைப்படாதீங்க."

அக்கா பிடுங்கிவிட்டாள். அவளுக்குக் குச்சி தேவையே இல்லை, அறுபதும் மனப்பாடம்.

சோதனைக்காக நாங்களே நோயைத் தூவினோம். இரண்டு வாரத்தில் வயல் முழுக்கப் பழுப்பு. ஒரு நாள் மதியம் அக்கா கிடங்குக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏய், முப்பத்தேழை வந்து பாருடி!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தேன். சுற்றிலும் கருகிக் கிடக்க, ஒரு பாத்தி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. இலையைத் தேய்த்துப் பார்த்தேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "நின்னுடுச்சுடி! நம்ம காலத்துல இதைப் பாக்கவே மாட்டேன்னு நெனச்சேன்" என்று அக்கா பைத்தியம் மாதிரி சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முற்றியதும் தன் கையாலேயே பறித்து, உரித்து, எண்ணி என்னிடம் கொடுத்தாள். முந்நூற்றுப் பதினெட்டு விதை, ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. திருத்திய பன்னிரண்டு வகையும் தேறவில்லை, முப்பத்தேழு உட்பட. வயலில் பச்சையாக நின்றது முப்பத்திநான்கு என்றது டாக்டரின் டேப்லெட் திரை. அது திருத்தாத சாதா விதை, அங்கே நோய் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். தேறாத திருத்திய விதையை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். கிடங்கில் மிச்சம் இருந்தாலும் சேர்த்து நீராவியில் அவித்துக் கொன்றுவிட வேண்டும். ஒரு விதைகூட வெளியே போகவில்லை என்று கையெழுத்தும் போட வேண்டும்.

அக்கா டாக்டர் அறைக்கு மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன்.

"சார், துரு தின்ன செடி இப்படியா விதை குடுக்கும்? பொட்டலத்தைப் பிரிச்சுத்தான் பாருங்களேன்."

"படத்துல தெளிவா இருக்கேம்மா. இதோ முப்பத்தேழு, முழுக்கப் பழுப்பு. குச்சி இல்லாததால பறிக்கும்போது உங்களுக்கு மாறியிருக்கும். பரவாயில்லை, யாருக்கும் நடக்கறதுதான்."

அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு பொட்டலம் மாற்றிப் போட்டதில்லை அவள். நானும் அந்தத் திரையைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. என் மரமண்டைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மேலே முப்பத்தேழு என்று எழுதியிருந்ததால் அந்தப் பொட்டலத்தையும் அவிக்கச் சொன்னார்கள், அந்த வேலையும் அக்கா தலையில்தான் விழுந்தது. முந்நூற்றுப் பதினெட்டையும் என் எதிரில் எண்ணிப் போட்டாள், நீராவிப் பெட்டியை மூடினாள், கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு நான் வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

அடுத்த பருவத்தில் வேறொரு சோதனைக்கு விதைப்பு. ஏதோ படிவத்துக்குப் போட்டோ வேண்டுமென்று டாக்டர் அன்றைக்கு அதிசயமாக வயலுக்கே வந்தார். அக்கா முதல் வரிசையை இடது பக்கமிருந்து விதைத்துக்கொண்டே போனாள். பத்து முடிந்ததும் அந்தக் கோடியிலேயே திரும்பி, பதினொன்றை அங்கே போட்டு, வலமிருந்து இடமாக வந்தாள்.

"என்னம்மா, அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறீங்க?"

"பின்னே? அவ்வளவு தூரம் வெறுங்கையோட திரும்பி நடந்து வந்துதான் ஆரம்பிப்பாங்களா? எப்பவும் இப்படித்தான் சார். ஒரு வரிசை போறது, ஒரு வரிசை வர்றது."

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. அவர் மேப்பில் எல்லா வரிசையும் இடமிருந்து வலமாகத்தான் இருந்தது. பச்சையாக நின்றது நான்காவது வரிசையில், இடப்பக்கமிருந்து நாலாவது பாத்தி. அவர் திரையில் அது முப்பத்திநான்கு, அக்காவின் வயலில் முப்பத்தேழு. அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"திரும்ப உண்டாக்க முடியாதா சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"நாலஞ்சு வருஷம் ஆகும். யார் விடுவாங்க? திட்டத்தையே மூடிட்டாங்க. பிரயோஜனம் இல்லைன்னு எழுதிக் குடுத்ததே நான்தானே."

அக்காவை அண்ணாந்து பார்த்தார். குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா, தப்பா நெனக்காதீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த விதையில ஒண்ணு ரெண்டாவது எடுத்து வெச்சிருப்பீங்க இல்ல?"

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஏன் சார், நான் திருடியிருக்கக் கூடாதான்னு இப்ப ஏங்கறீங்களா? மூணு தடவை வந்து தொண்டை வத்தக் கத்துனேனே, அப்ப எங்க போனீங்க? ஒரே ஒரு தடவை என்கூட வந்து பாத்திருந்தா போதுமே! எண்ணிப் போடுன்னீங்க, எண்ணிப் போட்டேன். ஒண்ணுகூட இல்ல!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றிருந்தது எனக்கு. அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுகூட அதைத்தான் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். "சரியான சூடு குடுத்தக்கா. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது.

"வெச்சிருக்கணும்டி," என்றாள். "என் கண்ணால பார்த்தேனே, எனக்குத் தெரியுமே. நாலு விதையையாவது முந்தானையில முடிஞ்சிருக்கணும்டி நான்."