ஒரு மிஸ்டு கால், ரெண்டு மிஸ்டு கால்

1. லாரி திரும்பிப் போனது

பூந்தமல்லியிலிருந்து இரும்பு ராடு ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. கேட்டில் நின்றது. ஸ்டோர்ஸ் ஷட்டரைத் திறக்க யாரும் போகவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். உள்ளே லேத் ஓடுகிற சத்தத்தில் ஹாரன் கேட்காது. அவர் அடுத்த லோடுக்குப் போய்விட்டார். மதியத்துக்கு மேல் ராடு இல்லாமல் லேத் எல்லாம் நின்றது.

ஷட்டர் திறக்க வேண்டியவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன கம்பெனி. புஷ், பின் மாதிரி வண்டி சாமான் கடைந்து கொடுக்கிறோம். ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எட்டாவது வரைக்கும் படித்தேன். எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். வேறு கேட்டால் தெரியாது என்பேன்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என்னையும் வாட்ச்மேன் முனுசாமியையும்.

"லாரி வந்து நின்னுகினு இருந்துகீது. முனுசாமி, நீ இன்னாய்யா பண்ணிகினு இருந்த?"

"சேகருக்கு போன் அடிச்சேன் சார்."

"சேகரு, வந்துச்சா?"

என் ஃபோனை எடுத்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. மிஸ்டு கால்கூட இல்லை. முனுசாமி தன் பட்டன் ஃபோனைக் காட்டினார். அதில் என் பேர் இருந்தது. அந்த ஃபோனில் நேரம் மட்டும் எப்போதும் தப்பாகத்தான் ஓடும். அடித்திருக்கிறார்.

முதலாளி இரண்டையும் பார்த்தார். அடித்ததும் உண்மை. வராததும் உண்மை.

"எத்தய்யா நம்பறது?" என்றார்.

"தெரியல சார்" என்றேன்.

"எனக்குத் தெரியும். லாரி போனப்புறம் முழிச்சு அடிச்சுட்டு கத சொல்றாரு. கேட்டுல தூங்கற ஆளு எனக்கு வேணாம். மாசம் முடியட்டும், வேற ஆள் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் முனுசாமி என்னைக் கேட்டார்.

"நைனா, நான் தூங்குவனா?"

அவர் பக்கத்து மேனாம்பேட்டுக்காரர். அந்த கேட்டில் அவர் உட்கார்ந்தே நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் என் ஃபோனில் ஒன்றும் இல்லை. அதற்கும் தெரியல என்றுதான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

2. அந்த ஃபோன் வந்த கதை

எங்கள் ஸ்டாக் கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று வேறொன்று. அந்த புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் எங்கேயோ போய்விட்டார். அதை ஃபோனில் ஓடுகிற மாதிரி மாற்றி எழுத ஆள் இல்லை. அதனால் ரேக்கில் ஒரு பெட்டி எடுத்தாலும் ஆபீஸ் வரைக்கும் நடந்து போய்த்தான் பதிய வேண்டும்.

முதலாளிக்கு யாரோ நித்யா என்கிற பெண்ணைச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் தேனிப் பக்கம். இங்கே கோவில்பதாகையில் ஃப்ளாட் எடுத்துத் தங்கி இதே வேலையாக இருக்கிறது. பழைய ஃபோனில் இருக்கிற ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடுகிற லினக்ஸை அப்படியே ஏற்றும்.

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையே சட்டைப் பையில போட்டுக் குடுத்துர்றேண்ணே" என்றது.

போட்டுக் கொடுத்தது. என் சிம்மையும் அதிலேயே போட்டது. இரண்டு ஃபோன் எதற்கு என்றார் முதலாளி.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். அதே புரோகிராம்தான். ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. எண்ணிக்கையைப் போட்டேன். கீழே சேவ் பட்டனைத் தேடினேன். இல்லை.

"பட்டன் எங்கம்மா போச்சு?"

"இருக்குண்ணே. திரைக்குக் கீழ இருக்கு."

"கீழன்னா?"

"அந்தக் கட்டம் பெரிய திரைக்குன்னு செஞ்சது. இதுல பாதிதான் தெரியும். மீதி வெளிய நிக்குது."

ஃபோனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். நித்யா சிரித்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. வெளியே நிற்கிறது என்றால் எங்கே நிற்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கட்டத்தை எப்படியோ சுருக்கிக் கொடுத்தது. அப்புறம் கீபோர்டு எழுந்து வந்து பட்டனை மூடியது. அதையும் சரி செய்தது. ஒன்றைச் சரி செய்தால் ஒன்று எழுந்து நின்றது. ஆனால் பதிவது நடந்தது. ஆபீசுக்கு நடக்கிற வேலை நின்றது. ஃபோன் நன்றாக இருக்கிறது என்று நானே முதலாளியிடம் சொன்னேன். அதற்கடுத்த வாரம்தான் லாரி திரும்பிப் போனது.

3. எல்லாம் சரி

நித்யாவை வரவழைத்தோம். என் முன்னால் நின்று என் நம்பருக்கு அடித்தது. ஃபோன் அடித்தது. மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து அடித்தது. ஃபோன் அடிக்கக் கொஞ்சம் தாமதம். ஆனால் அடித்தது.

"சரியாத்தானே இருக்கு. எங்க கோளாறுன்னே தெரியலையே" என்றது. அதுவும் குழம்பி நின்றது.

முதலாளி, "போன் நல்லாத்தான் கீது. ஆளுதான் சரியில்ல" என்றார், கேட்டில் நிற்கிற முனுசாமிக்குக் கேட்கிற மாதிரி.

எனக்கு இன்னொரு குழப்பம். முனுசாமி அடித்தால் சில நேரம் வரும். பதிந்துகொண்டு நிற்கும்போது வரும். பையில் போட்டால் வராது. இரும்பு ரேக் சிக்னலை மறைக்கிறதோ என்று ஜன்னல் பக்கம் நின்றேன். அங்கேயும் வரவில்லை. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. முனுசாமி மேல் எனக்கும் சந்தேகம் வந்தது. அவரும் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். மாசம் முடிய நான்கைந்து நாள்தான் இருந்தது.

4. கேட்டில்

அடுத்த நாள் ஃபோனை மறுபடி பார்க்க வந்த நித்யா வண்டியை கேட்டில் நிறுத்தும்போது முனுசாமி மறித்தார். முதலாளியும் அங்கேதான் நின்றிருந்தார். நானும் ஒரு லோடு பில் வாங்க கேட்டுக்குப் போயிருந்தேன். ஃபோன் என் பையில்.

"ம்மா, உன் கண் முன்னால அடிக்கிறேன். பாத்துக்க. அப்பறம் நான் தூங்கறேன்னு சொல்லு."

அடித்தார். காதில் வைத்தார். உடனே கட் பண்ணினார்.

"ஏண்ணே கட் பண்ணிட்டீங்க?"

"பின்ன? அதான் அடிச்சிட்டனே."

"எப்பவும் இப்படித்தானா?"

"இவுருகிட்ட போன்ல இன்னா பேசறது? ஒரு ரிங் உட்டா வந்துடுவாரு."

என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நித்யா அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டது.

"சார், தப்பு இவர் மேல இல்ல. கம்ப்யூட்டர் தூங்குனா முழுசாத் தூங்கிரும். யாராச்சும் தட்டி எழுப்பணும். ஃபோன் அப்படித் தூங்கக் கூடாது. ஒரு காதைத் தொறந்து வச்சுக்கிட்டுத் தூங்கணும். நான் கம்ப்யூட்டரை ஏத்திட்டேன்ல, இது கம்ப்யூட்டர் மாதிரித் தூங்குது. கால் வந்தா எந்திரிச்சு, கண்ணைத் தொடச்சு, யாருன்னு கேக்குறதுக்குள்ள இவரு வச்சுர்றாரு. வந்ததே அதுக்குத் தெரியாது. நான் டெஸ்ட் பண்ணப்ப, ஃபோனை எடுக்குற வரைக்கும் விடாம அடிச்சேன்."

முதலாளி முனுசாமியைப் பார்த்தார்.

"யோவ், இப்பல்லாம் பேசறதுக்கு காசா போவுது? முழுசா அடிச்சா இன்னா?"

"பழக்கம் சார். ஒண்ணுன்னா லாரி. அவ்ளோதான்."

நித்யாவுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டது.

"ஒண்ணுன்னா லாரியா? அப்ப ரெண்டுன்னா?"

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் கேட்டைப் பார்த்தேன். முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார்.

"கேக்குது இல்ல? சொல்லுய்யா."

"ரெண்டுன்னா நீங்க வரீங்கன்னு சார்."

முதலாளி மூன்றாவது விரலை நீட்டினார்.

"மூணுன்னா?" என்றார் முதலாளி.

"மூணு இல்ல சார். ரெண்டோட சரி."

முதலாளி திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, கோபமா என்று புரியவில்லை. முனுசாமி விடவில்லை.

"சார், மாசம் முடிஞ்சதும் போறேன். அது பரவால்ல. தூங்குனது நான் இல்ல. அத்த மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க."

முதலாளி திரும்பினார். கண் ஈரமாக இருந்தது, சிரித்த ஈரம்.

"நீ தூங்கலய்யா. அதுதான் தூங்கிச்சு. போ, கேட்டப் பாரு."

அவ்வளவுதான். வேறு ஆள் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

நான் முனுசாமியிடம் போய், "டீக்கு வரியா நைனா?" என்றேன்.

"தெரியல" என்றார். அப்புறம் வந்தார்.

5. இப்போது

ஃபோனைத் தூங்கவிடாமல் செய்து கொடுத்தது நித்யா. ஒரே ரிங் அடித்தாலும் வந்தது. ஆனால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தது. பை சுட்டது. சார்ஜர் ஒயரோடு கட்டிப்போட்டேன். ரேக் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நடப்பதற்குப் பதிலாக, சின்னக் கம்ப்யூட்டருக்கு நடந்தேன்.

கடைசியில் சிம்மை எடுத்து ஒரு பட்டன் ஃபோனில் போட்டுக்கொண்டேன். லினக்ஸ் ஃபோன் இஷ்டம்போல் தூங்குகிறது. வேண்டும்போது தட்டி எழுப்பிப் பதிகிறேன். ஒரு பையில் கணக்கு, ஒரு பையில் லாரி. நித்யா இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. போன தடவை, ஃபோன் முன்னைவிடச் சீக்கிரம் எழுகிறது என்றது. முனுசாமி வேகத்துக்கு இன்னும் வரவில்லை.

ஸ்டோர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதிதாக ஒரு பொருளைக் கொடுத்தால், கையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அது பையில் சும்மா கிடக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்களைக் கூப்பிடுகிறவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்றும் பாருங்கள்.

முதலாளி இப்போது காரை டீக்கடைப் பக்கம் நிறுத்திவிட்டு சத்தமில்லாமல் நடந்து வருகிறார். முனுசாமி அதற்கும் தனியாக ஒரு குறி வைத்திருக்கிறார். அது என்ன என்று இங்கே எழுத முடியாது.