வெள்ளிக்கிழமை வெளியேறிய கார்

கொட்டாம்பட்டியில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. பதினாறு வயதில் அப்பாவை இழந்தார். மதுரை சிம்மக்கல்லில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக நட்டு, போல்ட் மொத்தக்கடை வைத்து, இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார். என்னைப் படிக்க வைத்தார். கோபம் வந்தால் அவருடைய கைதான் முதலில் பேசும். எடைக்கல்லை எறிந்து ஒருவர் காலை உடைத்ததும், அவர் வீட்டுக்கு ஆறு மாதம் அரிசி அனுப்பியதும் கடைத்தெரு அறிந்தவை.

முப்பது ஆண்டுகள் போல்ட் விற்றவர் ஓர் இன்ஜினைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்த மறுமாதம், அலங்காநல்லூர் அருகே ஒரு தோட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக நின்ற அம்பாசடரைப் பேசி முடித்தார். தன் கையாலேயே அதை ஓட வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அது அங்கிருந்த இரு சகோதரர்களின் இறந்த தந்தையுடைய கார். மூத்தவர் விற்றார். திருப்பூரில் வேலை பார்த்த இளையவர் முத்துராசு, சனிக்கிழமை எடுக்கும்படி போனில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து உப்பைக்கூட வெளியே தர மாட்டார்கள். அண்ணனோ, நம் வீட்டுக்குள் வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும் என்று நின்றார். வருகிற வீட்டை நினைத்தோமே தவிர, போகிற வீட்டை நினைக்கவில்லை. நானும் உடனிருந்தேன்.

காரை மினி லாரியில் ஏற்றக் கயிறு கட்டும்போது முத்துராசு பைக்கில் வந்து இறங்கினார்.

“எங்கப்பன் வண்டிய வெள்ளிக்கிழமையா பாத்து இழுத்துட்டுப் போறீக?”

“பதினோரு வருசமா இதுல கோழி அடைச்சப்ப அப்பன் நெனப்பு வரலையோ?” என்றார் அண்ணன்.

முத்துராசு பைக்கிலிருந்து உருவிய அரிவாளின் முதல் வீச்சு கார்க் கதவில் விழுந்தது. இரண்டாவது, அண்ணனின் இடது முன்கையில் எலும்பு வரை இறங்கியது. அண்ணன் வலது கையிலிருந்த வீல் ஸ்பேனரால் அவர் முகத்தில் அடித்தார். தாடை உடைந்து இரண்டு பற்கள் விழுந்தன. விழுந்தவரை மேலும் இரண்டு முறை அடித்தார். முத்துராசுவின் அண்ணன் குறுக்கே விழுந்து மறைக்காவிட்டால் அன்று கொலை நடந்திருக்கும்.

மதுரையில் ஒரே மருத்துவமனையில், வெவ்வேறு வார்டுகளில் இருவரையும் சேர்த்தோம். விசாரிக்க வந்த போலீஸாரிடம், தகரம் கிழித்துவிட்டது என்றார் அண்ணன். வாய் திறக்க முடியாத முத்துராசு, ஜாக்கி நழுவியது என்று எழுதிக் கொடுத்தார். இருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

அண்ணனின் இடது கையில் மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. கார் எங்கள் கொட்டகையில் பிரிக்கப்படாமல் நின்றது. நான்காம் மாதம் முத்துராசு வந்தார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு ஞாயிறுதோறும் கார் வேலைக்குக் கை கொடுக்க வந்தார். அண்ணி அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. கிளட்ச் மாட்டும்போது இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, நானே விலக்கிவிட்டிருக்கிறேன்.

“நேராப் பிடி மாப்ள. வெட்டுன ஒரு கை பத்தலையாக்கும் ஒனக்கு?” என்பார் அண்ணன்.

“எம் பல்லு ரெண்ட மொத தாங்கண்ணே” என்பார் அவர்.

புரட்டாசியில் இன்ஜின் ஓடியது. ஐப்பசியில் அண்ணன் மாரடைப்பால் காலமானார்.

அன்று ஓடிவந்த தெருக்காரர்கள், சிகிச்சையளித்த மருத்துவர்கள், கடையடைத்து வந்த சிம்மக்கல் வியாபாரிகள், பாடை சுமந்தவர்களில் ஒருவரான முத்துராசு ஆகியோருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிப் பெயரை விட்டுவிடலாம் என்று உறவினர்கள் சிலர் சொன்னதால் அண்ணியிடம் கேட்டேன்.

“பேரப் போடுங்க தம்பி. அவரு வெட்டுனதையும் போடுங்க. ஒங்கண்ணன் அடிச்சதையும் போடுங்க.”

மூன்றையும் எழுதியிருக்கிறேன்.