நானூறு ஒற்றை எழுத்துகள்

இறந்தோர் பெயரில் மாசு படியாமல் காப்பதும் ஓர் அறமே. டுலூத் நகரத்து ஈமச்சடங்கு நிலையமொன்றில் அவ்வறத்தை நாள்தோறும் ஆற்றுபவர் வெர்னா லிண்டால். காலை எட்டு மணிக்குக் காலணிப் பனியைத் தட்டிவிட்டுக் கணினிமுன் அமர்வார். இணைய இரங்கலேட்டில் இரவோடிரவாக முளைத்த விளம்பரங்களையும் வசைகளையும் களைவார். களையும் ஒவ்வொன்றுக்கும், "போய்த்தொலை, கண்ணு" என்பார். அதற்குமேல் கடுஞ்சொல் அவர் வாயில் வந்ததில்லை.

அன்று செவ்வாய். உறைபனிச் சாலையில் வண்டி சறுக்கி இறந்த பத்தொன்பது வயது டோபியஸின் பக்கத்தைத் திறந்தார். நானூறு பேர் எழுதியிருந்தனர். எல்லோரும் எழுதியது ஒரே ஆங்கில எழுத்து: எஃப்.

"செத்த பிள்ளைக்கு ஃபெயில் மார்க் போட்டிருக்காங்க, ரே."

உடல்களுக்கு ஒப்பனை செய்யும் ரே எட்டிப் பார்த்தார். "மார்க்கா இருந்தாப் பரவாயில்லையே. அந்த எழுத்துல ஆரம்பிக்கிற வசவு ஒண்ணு இருக்கு. நீ கேள்விப்பட்டதே இல்லையாக்கும்."

வெர்னாவின் காதுமடல்கள் சிவந்தன. தாயின் கண்ணில் படுமுன் ஒன்றுவிடாமல் நீக்கினார்.

பத்து மணிக்குத் தாய் மாரிட் தொலைபேசியில் அழைத்தார்.

"வெர்னா, என் பையனுக்கு வந்த எஃப் எல்லாம் எங்கே போச்சு? அச்செடுத்து அவன் சட்டைப் பையில வைக்கணும். மூணு மணிக்குப் பெட்டியை மூடிடுவீங்களே."

"அந்த அசிங்கத்தையா?"

"அசிங்கமா? இன்டர்நெட்டுல அவன்கூட விளையாடுற பசங்க போட்டது. ஏதோ கம்ப்யூட்டர் போர் விளையாட்டுல, சவப்பெட்டி முன்னாடி அந்த எழுத்தை அழுத்தினா அஞ்சலி செலுத்தினதா அர்த்தமாம். இப்ப எல்லாத்துக்கும் அதுதான். நான் அடுப்புல ராத்திரிச் சாப்பாட்டு ஹாட்டிஷைக் கருக்கினாக்கூட ஒரு எஃப் அனுப்புவான், போக்கிரி." சிரிக்கத் தொடங்கியவர் சிரித்து முடிக்கவில்லை.

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரையை நோக்கித் திரும்பினார். தலைவணங்கி நின்ற நானூறு பேரைத் தம் கையாலேயே விரட்டியிருந்தார்; போய்த்தொலை என்று நானூறு முறை சொல்லியும் இருந்தார்.

நீக்கியவை அன்று மாலைவரை கணினியின் குப்பைக்கூடையில் கிடக்கும். மீட்பதாயின் ஒவ்வொன்றாகவே மீட்க வேண்டும். மதிய உணவைத் தொடாமல், இட்டவர் பெயரை வாய்விட்டுப் படித்தபடி மீட்டார். "கரடிப்பல் எழுபத்தேழு, மன்னிச்சுக்கப்பா. சோம்பேறி மாவீரன், நீயும்தான்."

"யாருகிட்டப் பேசறே?" என்றார் ரே.

"துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட."

இரண்டே முக்காலுக்குக் கடைசிப் பெயரும் வந்து சேர்ந்தது. அச்சுக்கு அனுப்புமுன் வெர்னா எழுந்தார். மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டினார். நின்றபடியே ஒற்றை விரலால் அவ்வெழுத்தை அழுத்தி, அடியில் தம் முழுப்பெயரை இட்டார்.

வெர்னாவின் மனையில் நலமே நிறைக. அவ்வீட்டார் பெயரை அன்புடைய கைகளே என்றும் எழுதுக.