படம் தூக்குவதற்கு முன்னால்

ஒன்பது வயதுக் கோடை விடுமுறையில் ஒரே மிருகப் படத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் பெருமை. காரணத்தைச் சொன்னால் அந்தப் பெருமை போய்விடும் என்பதால் அதைச் சொல்வதில்லை. அம்மா விம்பிள்டனில் ஒரு தியேட்டரில் துப்புரவு வேலை செய்தார். மோர்டனில் இருந்த எங்கள் ஒற்றை அறையில் என்னைத் தனியே விட்டுவர அவருக்குப் பயம். தியேட்டர் மேலாளரான வெள்ளைக்காரப் பெண்மணி இரக்கப்பட்டு, பகல் காட்சிகளில் கடைசி வரிசை மூலையில் நான் இருந்துகொள்ளலாம் என்றார்.

பழைய படம் ஒன்றைக் காசைக் கொட்டிப் புதிதாக எடுத்திருந்தார்கள். கடலிலிருந்து ஒரு ராட்சத மிருகம் எழும்பி வந்து நகரத்தை மிதிக்கும். முதலில் கால் மட்டும் தெரியும், பிறகு வால். முகத்தைக் காட்ட அரை மணித்தியாலம் எடுப்பார்கள். அது நடக்கும்போது என் இருக்கையும் அதிரும். எனக்குப் படம் உயிர். ஒரேயொரு குறை, பயம் வரும்போது இடிப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒருநாள் தாங்கமுடியாமல் பக்கத்து மனிதரின் கையைப் பிடித்துவிட்டேன். மிருகத்துக்கு அசையாத மனிதர் எனக்குத் துள்ளி எழுந்தார்.

எனக்கு வேண்டிய ஆள் அப்பாதான். அவர் கொழும்பில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை என்பதால், அதையும் நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சட்டத்தரணி திரும்பவும் விசா கேட்டு எழுதிப் போட்டிருந்தார்.

அந்தப் பழைய படத்தை அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் யாழ்ப்பாணத்தில் பார்த்திருக்கிறார்கள். வால் தெரிந்ததும் அப்பா கையிலிருந்த கச்சான் கடலையை முன்வரிசைக்காரரின் தலையில் கொட்டிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு ஒரு சிரிப்பு வரும். வேறு எதற்கும் அது வராது.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் நான் அப்பாவிடம் சொன்னேன்.

“புதுப் படத்தில வால் இன்னும் பெரிசு அப்பா. படத்தைத் தூக்க முன்னம் வந்திடுங்கோ.”

“ஓம் குஞ்சு. நான் வருமட்டும் தூக்கவேண்டாம் எண்டு சொல்லிவை.”

நானும் மேலாளரிடம் போய்ச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்காமல், பார்க்கலாம் என்றார். ஆனாலும் படம் பெரிய மண்டபத்திலிருந்து சின்ன மண்டபத்துக்குப் போனது. பிறகு பகல் இரண்டு மணிக்கு ஒரே காட்சி. ஆட்கள் குறையக் குறைய நான் தலைகளை எண்ணத் தொடங்கினேன். கோயிலில் பிள்ளையாரிடம் நான் விசாவைக் கேட்கவில்லை, படம் ஓடவேண்டும் என்றுதான் கேட்டேன். விசாவை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒன்றையே கேட்பானேன்?

ஒரு வியாழக்கிழமை அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சேலை உடுத்தார்.

“இண்டைக்குக் கடைசி நாள் பிள்ளை. வெளிக்கிடு, படம் பாப்பம்.”

“அப்பா?”

அம்மா சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

வேலைக்காரர்களுக்கு என்று கொடுக்கும் இலவச டிக்கெட் மூன்று வைத்திருந்தார். நடு வரிசைக்குப் போனோம். நான் ஒட்டிக்கொண்டு இருக்கப் போக, “அங்கால இரு” என்று என்னைத் தள்ளிவிட்டு, நடு இருக்கையில் தன் கைப்பையை வைத்தார். பைக்கு மேலே பேப்பரில் சுற்றிய கச்சான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினொரு தடவை தனியே இருந்தவளுக்குப் பன்னிரண்டாம் தடவை ஒரு பை துணை! விளக்கு அணைவதற்கு முன் மேலாளர் வந்தார். நடு இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவின் தோளில் கை வைத்தார். அம்மா என்னைக் கண்ணால் காட்டி, தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில், இவளுக்கு இன்றைக்கு வேண்டாம் என்றார்.

வால் வந்தது. கோபத்தை மறந்து, பைக்கு மேலால் எட்டி அம்மாவை இடித்தேன். கச்சான் முழுக்க நிலத்தில் கொட்டுண்டது. அம்மா கூட்டும் நிலம், பேச்சு விழப்போகிறது என்று காலை இழுத்துக்கொண்டேன். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பேதான். அது எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மிருகம் விழுந்து கிடக்கும்போதும் அழுதுகொண்டிருந்தார்.

“அழாதேங்கோ அம்மா. அது சாகேல்லை. கடைசியில கண்ணைத் திறக்கும். திரும்பி வரும்.”

“ஓம் பிள்ளை,” என்றார் அம்மா.

விளக்கு எரிந்ததும், அன்று வேலை நாள் இல்லாவிட்டாலும், சேலையைச் செருகிக்கொண்டு குந்தி, சிந்திய கச்சானை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பையை எடுத்ததும் நடு இருக்கை தானாக மடிந்துகொண்டது. பையின் வாயில் சட்டத்தரணியின் கடித உறை தெரிந்தது, முதல்முறை இல்லை என்று வந்ததைப்போலவே தடித்தது, ஏற்கெனவே கிழித்துத் திறந்தது. அதை யார் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது, ஏன் என்னிடம் தரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரு மிருகத்துக்காக இவ்வளவு அழுகிறாரே என்று எனக்கு அம்மாவில் பாவமாக இருந்தது. மோர்டன் வரைக்கும் பஸ்ஸில், அதற்கு உயிர் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன்.