அரைப்பேர் எழுதிய கப்பல்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் சாவு வீட்டில் நான் ஏன் அழவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கே சரியாகத் தெரியாது. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நான் கடதாசியில் யுத்தக் கப்பல் செய்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். டவுனில் போட்டோகொப்பி கடையில் படத்தைச் சுருக்கி எடுத்து, பிளேடால் வெட்டி, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டுவேன். முழுக் கப்பலே ஒரு நெருப்புக்குச்சி நீளம்தான். பீரங்கிக்குப் பழைய பல் பிரஷ்ஷின் நார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியிலும் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்று செய்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பேச வாய் வரவில்லை, கைக்காவது வேலை இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த, ராகலையிலிருந்து வந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னாங்கண்ணே அது, ஈரா, பேனா?”

“யுத்தக் கப்பல்.”

“கொசு உக்காந்தா முங்கிருமே.”

அம்மா சிரித்தாள். இருமல் வந்தது. அடங்கியதும், “அதுல எம்பேர எழுதுங்க” என்றாள்.

“எடம் பத்தாது.”

“முழுசா எழுதுங்க.”

மெல்லிய பேனாவால் கப்பலின் பக்கவாட்டில் எழுதினேன். பாதியிலேயே இடம் முடிந்துவிட்டது. அம்மா கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

“இங்கயும் எனக்கு அரைப்பேருதானா?”

பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரை நாள் சம்பளம் மட்டும் பதிவதைத்தான் மலையில் அரைப்பேர் என்பார்கள். உடம்புக்கு முடியாமல் போன பிறகு அம்மாவுக்கு அடிக்கடி அரைப்பேர்தான் விழுந்தது. வீட்டில் சொல்லமாட்டாள்.

“பெரிசா ஒன்னு செஞ்சு எழுதுறேன்” என்றேன்.

“பெரிசு எதுக்கு? இதுலயே எழுதுங்க. நாளைக்குப் பாக்குறேன்.”

மறுநாள் பஸ்ஸில் போகும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் எடுத்த இடம் வரை உட்கார்ந்தே போனேன்.

சாவு வீட்டில் தப்பு மேளம் அடித்தார்கள். ஆட்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கப்பல் ஒரு நெருப்புப்பெட்டிக்குள், என் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொருவரும் கட்டிப்பிடிக்கும்போது அது நசுங்கிவிடுமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனதில் வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

காரியம் முடிந்து நீங்கள் மறுபடி பள்ளிக்கூடம் போன முதல் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. வெளிச்சத்துக்காக லயத்து வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, நெருப்புப்பெட்டியைத் திறந்தேன். கப்பல் நசுங்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அம்மா பேரின் மிச்ச எழுத்துகளை அந்தப் பக்கத்தில் எழுதி, மை காயும் வரை கையிலேயே பிடித்திருந்தேன்.