உள்பக்கத் திருகு

அந்தத் திருகை முறுக்கியது நான்தான். குமரேசன் அல்ல.

இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் கணவருக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்று நான்கு. சான் ஹோசேயில் இருந்தோம். சனிக்கிழமையானால் சைக்கிளில் மலையேறும் பித்து இவருக்கு. நான் ஒன்பதாவதோடு நின்றவள். பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். இவர் திரும்பும்வரை ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எங்கே ஆம்புலன்ஸ் கத்தினாலும் அது இவருக்குத்தான்!

பெரிய மலை மட்டும் இவருக்கு எட்டவில்லை. முன்னால் இரண்டு பல்சக்கரம்தான். சின்னதாக மூன்றாவது ஒன்று இருந்தால் ஏறிவிடலாம் என்றார். ஆபீஸ் நண்பர் குமரேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று பல்சக்கரமுள்ள கிராங்கை மாட்டினார். கியர் லீவரையும் மாற்றினார். சங்கிலியைத் தள்ளுகிற தகடு மட்டும் பழையது.

"இது டபுளுக்கு உள்ளதுதாண்ணா. அட்ஜஸ்ட் பண்ணினா ட்ரிபிளுக்கும் ஓடும்."

பெடலைச் சுற்ற என்னை நிறுத்திக்கொண்டார். "அண்ணி, இந்த உள்பக்கத் திருகுதான் வேலி. ரொம்ப லூஸ் பண்ணா செயின் உள்ள விழுந்துரும். டைட் பண்ணா சின்னச் சக்கரத்துக்கு வரவே வராது."

வரவே வராது... அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே குமரேசன் டெக்சஸுக்கு, இர்விங்குக்கு மாறிப் போனார். வெள்ளிக்கிழமை நான் ஸ்க்ரூ டிரைவரோடு கராஜுக்குப் போனேன். சின்னச் சக்கரம் கிடைக்காவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்பது என் கணக்கு. கணக்கில் நான் எப்போது தேறினேன்?

இவர் திரும்பவில்லை. ஏற்றத்தில் லீவர் 'க்ளிக்' என்றதாம், சங்கிலி நகரவில்லையாம். வீம்புக்கு மிதித்திருக்கிறார். வேகம் செத்து, பெடலில் மாட்டிய ஷூவை விடுவிக்குமுன் சாய்ந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஃபோன் வந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இவர் மாவுக்கட்டோடு தூங்கும்போது போய்த் திருகைப் பழையபடி தளர்த்தினேன். முறுக்கியது பயத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பெயர்?

மறுநாள் டெக்சஸிலிருந்து குமரேசனின் குரல் ஃபோன் ஸ்பீக்கரில் வந்தது. "பழைய தகடே போதும்னு நெனச்சேன், என் தப்புதாண்ணா. அண்ணிகிட்டயும் ஸாரி சொல்லிருங்க."

"கேட்டுட்டுத்தான் இருக்கா," என்றார் இவர்.

ஆமாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பின் இவர் சைக்கிளைத் தொடவில்லை. சனிக்கிழமைகளில் சோபாவில் கிடந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது!

பதினைந்து வருடம் கழித்து, இந்த வருடம், குமரேசன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஆறு வயது மகள் எங்கள் பையனின் பழைய சைக்கிளை ஓட்டினாள், சங்கிலி கழன்றது. "அப்பாகிட்ட குடும்மா, மாட்டித் தருவாரு," என்றேன்.

"டாட் டஸ்ன்ட் டச் பைக்ஸ், ஆன்ட்டி."

"நல்லவேளை! எனக்கு இன்னும் ஒரு கைதான் பாக்கி," என்று இவர் சிரித்தார். குமரேசனும் சிரித்தார். கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

சொல்லியிருக்கலாம்... நானே குனிந்து சங்கிலியை மாட்டினேன்.

"அட, அண்ணி! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் குமரேசன்.

"டீ ஆறுது தம்பி, வாங்க," என்றேன்.