வட்டிலின் துளை

சொட்டுநீர்க் குழாயில் ஒரு துளை உப்படைத்துக் கிடந்தது. குண்டூசியால் குத்தினேன். முதல் சொட்டு விழுந்ததும் என் உச்சந்தலையில் அப்பாவின் கை கனத்தது.

அந்தக் கை என் தலையில் விழுந்தபோது எனக்கு எட்டு வயது. நாமக்கல் பக்கத்தில் எங்கள் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. மாடு பூட்டி, கவலையில் சால் கட்டித் தண்ணீர் இறைக்க ஆளுக்கொரு முறை. முறைக்கு அளவு ஒரு செம்பு வட்டில். அடியில் ஊசித்துளை போட்ட அதைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவோம். நிறைந்து மூழ்கினால் ஒருவர் முறை முடிந்தது, மற்றவர் மாடு பூட்ட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்தக் கோடையில் கிணறு வற்றிக்கொண்டிருந்தது. அன்று எங்கள் முறையில் எங்கள் ராகி பாதிகூட நனையவில்லை. வட்டிலோ விளிம்புவரை அமிழ்ந்துவிட்டது. வாயில் மென்றுகொண்டிருந்த வேலம்பிசினை எடுத்து, அடியில் கைவிட்டுத் துளையில் அப்பினேன்.

பிசின் கரைந்து வட்டில் மூழ்கியபோது, கிணற்றில் தண்ணீர் தீர்ந்து சால் பாறையில் மோதியது. பெரியப்பா தன் மாடுகளோடு வந்து நின்றிருந்தார். அப்பாவிடம் கேட்டார்.

“என்றா தம்பி, வட்டில்ல கை வெச்சியா?”

அப்பா என்னை இழுத்து நிறுத்தித் தலையில் கை வைத்தார். “என்ற புள்ள மேல சத்தியமுங்கண்ணா. வட்டில யாரும் தொடலீங்க.”

பிசுபிசுத்த விரல்களை மடக்கிக்கொண்டேன். பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனார்.

பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளை தங்காது என்பார்கள். சாவுக்குப் பயந்து பல நாள் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பாவின் மிளகாய்தான் தண்ணீரில்லாமல் பூவோடு கருகியது.

இன்றைக்கும் குழாயில் அடைப்பென்றால் ஆளை அனுப்புவதில்லை. நானேதான் ஊசியோடு குனிகிறேன்.